பழைய காமிராவுக்குப் புதுவாழ்வு

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடுகளில் அலமாரிக்குள் உபயோகமின்றிக் கிடக்கும் ஹாஸல்பிளாட் காமிராக்களை டிஜிட்டலுக்கு மாற்ற விரும்பும் அன்பர்களுக்குச் சில யோசனைகள்:

• 1957 முதல் வெளிவந்த வி வரிசைக் காமிராக்களில் பெரும்பாலானவற்றில், பின்புறமுள்ள பிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே ஸ்தானத்தில் சிஎஃப்வி டிஜிட்டல் பேக்கைப் பொருத்தலாம்.

• சிஎஃப்வி 50சி பேக்கின் சென்சார் 43.8 × 32.9 மி.மீ. அளவே உடையது, பிலிம் சட்டமோ ஏறக்குறைய 56 மி.மீ. சதுரம், ஆகையால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படுமாதலின், விசாலமான காட்சிக்கு 80 மி.மீ. லென்ஸைவிட 50 மி.மீ. லென்ஸே உத்தமம்.

• செலவைச் சுருக்க நினைப்போர், பழைய லென்ஸை மட்டும் அடாப்டர் மூலம் கண்ணாடியில்லா டிஜிட்டல் காமிராவில் மாட்டி, கையால் ஃபோகஸ் செய்யலாம்.

• சிங்கப்பூரின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது சகஜமாதலால், டார்ச் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சிப் பரிசோதித்து, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதமுள்ள உலர்பெட்டியில் வைப்பது அவசியம்.

பேக்கின் விலை அதிகமாதலின், முதலில் லென்ஸையும் ஷட்டரையும் சோதித்த பின்னரே பணத்தைச் செலவிடுங்கள்.