கத்திரி வெயிலில் சூடான டயரின் காற்றை இறக்காதீர்கள்

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை நீடிக்கும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் ஊர்களில் இந்த நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். இந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. உள்ளூர்க்காரர்களின் ஸ்போர்ட்ஸ் கார்களும், வார இறுதியில் இரு நகரங்களிலிருந்தும் வரும் கார்களும் ஓடுவது இதே சாலையில்தான். கோடையில் இவற்றை ஓட்டுவோர் செய்யும் ஒரு காரியத்தைத் தடுக்கவே இதை எழுதுகிறோம். உச்சிவெயிலில் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. டேஷ்போர்டு டயரின் காற்றழுத்தத்தை 33-க்குப் பதில் 38 என்று காட்டுகிறது. உடனே பஞ்சர் கடை ஓரம் நிறுத்தி ஐந்து பிஎஸ்ஐ காற்றை இறக்கிவிடுகிறார்கள். வண்டி மெத்தென்று போகும், டயர் வெடிக்கும் பயமும் தீரும் என்பது அவர்கள் நினைப்பு. முதலாவது பெயரளவுக்கே நடக்கிறது. இரண்டாவது தலைகீழாக நடக்கிறது. விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், குளிர்ந்த டயரில் அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள். பகலில் அது ஏறினால் ஏறட்டும்.

ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். அடைபட்ட காற்று சூடேறினால் அழுத்தம் கூடும். 33 பிஎஸ்ஐ அளவில் உள்ள டயரில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். விடிகாலை 29 டிகிரியில் 33 என்று வைத்த டயர், 42 டிகிரி பகலில் சும்மா நின்றாலே 35 காட்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடி உள்ளிருக்கும் காற்று 60 டிகிரியைத் தொட்டால் ஏறக்குறைய 38. இது கோளாறு அல்ல. இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்தே டயரை வடிவமைக்கிறார்கள், காரின் ஸ்டிக்கரில் குளிர்நிலை அளவை அச்சிடுகிறார்கள். இப்போது அந்தச் சூட்டிலேயே காற்றை இறக்கி 33-க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலை அதே டயரில் இருப்பது 28½ மட்டுமே. 13 சதவீதம் குறைவு. டேஷ்போர்டு விளக்கு எரியாதா என்றால், அதை நம்ப முடியாது. பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பதுதான் அமெரிக்க விதி. அந்த அளவுகோலைப் பின்பற்றும் காரில் கிட்டத்தட்ட 25 பிஎஸ்ஐ வரை இறங்கினால்தான் விளக்கு எரியும்.

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பே வெப்பம். வெயில் வெளியிலிருந்து தரும் சூட்டைவிட ஆபத்தானது உள்ளே ரப்பரும் நூலிழையும் கம்பிப் பட்டையும் உராய்ந்து கிளப்பும் இந்தச் சூடுதான். வெடிக்காமலிருக்கக் காற்றை இறக்குபவர், வெடிப்புக்குத் தேவையான வெப்பத்தைத் தாமே கூட்டிக்கொள்கிறார். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் திரும்பப் பெற்ற சுமார் 65 லட்சம் டயர்களின் கதை இங்கே பொருந்தும். பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த அந்த டயர்கள் ஓட்டத்திலேயே மேற்பட்டை பிய்ந்து போயின; அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா போன்ற வெப்ப மாநிலங்களில்தான் புகார்கள் குவிந்தன. ஃபோர்டு பரிந்துரைத்திருந்தது 26 பிஎஸ்ஐ. 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். டயரிலேயே குறை இருந்ததை அமெரிக்க அரசின் விசாரணை உறுதிசெய்தது, ஆகவே பழி முழுவதையும் காற்றழுத்தத்தின் மேல் போட முடியாது. ஆனால் பலவீனமான டயரை வெப்பமும் வேகமும் குறைந்த காற்றும் சேர்ந்து எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை. கார்களில் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது இதற்குப் பிறகுதான்.

இனி சொகுசு. காற்றைக் குறைத்தால் வண்டி மென்மையாகப் போவது உண்மை என்பார்கள்; முழுக்க மறுக்க மாட்டோம். பாலத்து இணைப்புகள், தார் ஒட்டுப்போட்ட விளிம்புகள் போன்ற சின்னக் கூர்மையான அதிர்வுகளில் முதல் அடியை வாங்குவது டயர்தான். அங்கே மூன்று நான்கு பிஎஸ்ஐ வித்தியாசம் கைக்கும் முதுகுக்கும் தெரியும். ஆனால் வேகத்தடையிலும் மேடுபள்ளத்திலும் உடம்பைத் தூக்கிப்போடுவது சஸ்பென்ஷன். டயர் சஸ்பென்ஷனின் சுருள்வில்லைவிட நான்கைந்து மடங்கு விறைப்பானது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்வதால், டயரைப் பத்து சதவீதம் மென்மையாக்கினாலும் மொத்த விறைப்பு சுமார் இரண்டு சதவீதம்தான் குறைகிறது. இந்தச் சொற்ப லாபத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 185/65 அளவுள்ள குடும்பக் கார் டயரில் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். 245/35 அளவுள்ள ஸ்போர்ட்ஸ் கார் டயரில் 86 மட்டுமே. ஆம்பூர் சர்வீஸ் ரோட்டில் லாரிகள் பெயர்த்த ஒரு பள்ளத்தில், காற்று குறைந்த அந்த 86 மில்லிமீட்டர் நசுங்கி ரிம்மில் இடிக்கும். பக்கச்சுவரில் இழை அறுந்து புடைத்துக்கொண்டால் அந்த டயருக்குப் பழுதுபார்ப்பே கிடையாது. வளைவில் ஸ்டியரிங் மந்தமாவது தனி.

பந்தயக்காரர்கள் காற்றைக் குறைக்கிறார்களே என்ற கேள்வி வரும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அது நடப்பதுதான். ஆனால் அவர்கள் ஓட்டத்துக்குப் பிறகு எட்ட வேண்டிய சூட்டு அழுத்தத்தை முன்பே தெரிந்துகொண்டு, சில சுற்றுக்கு ஒருமுறை அளக்கிறார்கள், டயரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். தடத்தில் பள்ளமும் இல்லை, எதிரே தோல் ஏற்றிய லாரியும் இல்லை. நைட்ரஜன் நிரப்பினால் அழுத்தம் ஏறாது என்பதும் சரியல்ல. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். போர்ஷே போன்ற தயாரிப்பாளர்கள் சில மாடல்களுக்குச் சொகுசு அளவு என்று தனியாகக் குறைந்த அழுத்தம் தருவதையும் எடுத்துக்காட்டலாம். உங்கள் காரின் கையேட்டில் அப்படி இருந்தால் தாராளமாக வையுங்கள். அது வேக வரம்போடு சோதித்துத் தந்த அளவு, அதுவும் குளிர்நிலையில் வைக்க வேண்டியது.

பெங்களூரிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 920 மீட்டர் உயரம், இங்கே வேலூரில் 216. இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் கேஜ் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். வேலூரின் விடிகாலை பெங்களூரைவிட ஆறேழு டிகிரி சூடாக இருப்பதால் அதே ஒரு பிஎஸ்ஐ திரும்ப ஏறிவிடும். ஆகவே அங்கே காலையில் சரியாக வைத்தது இங்கே மறுநாள் காலையிலும் சரியாகவே இருக்கும். நடுவில் கைவைக்க வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுபவர்களுக்கும் இதே சமன்பாடுதான், திசை மட்டும் மாறும்.

உண்மையில் இப்பகுதியில் பல ஸ்போர்ட்ஸ் கார்கள் கல்போல் போவதற்குக் காரணம் வெயில் அல்ல, பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் ஒரே அளவாக 38, 40 என்று அடித்துவிடுவது. இவற்றில் பலவற்றுக்கு முன்னும் பின்னும் வேறு வேறு அளவு உண்டு. குளிர்ந்த டயரில் அளந்து கூடுதலாக இருந்தால் அப்போது இறக்குங்கள். நீங்கள் தேடும் மென்மையில் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடும். சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி வைத்து, கத்திரி முடியும்வரை வாரம் ஒரு காலை பாருங்கள். மூன்று மணி நேரமாவது வண்டி நின்றிருக்க வேண்டும். தொழிற்சாலை வளாகத்தில் வெயிலில் நின்ற வண்டியில் வெயில்பட்ட பக்கம் கூடுதலாகக் காட்டும். அப்போது இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தப் போகாதீர்கள். உறைபோட்டு மாதக்கணக்கில் நிறுத்திய கார் என்றால் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே இறங்கியிருக்கும், டயருக்கும் வயதாகியிருக்கும். பக்கச்சுவரில் 2319 என்று முடிந்தால் அது 2019-இன் 23-ஆம் வாரம் செய்த டயர். வழியில் அளக்க நேர்ந்து, ஓடிய சூட்டிலேயே ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே காட்டினால் காற்று மிகவும் குறைந்திருக்கிறது, கசிவும் இருக்கலாம் என்று பொருள். மேலே ஓட்டாமல் அங்கேயே பார்த்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஓட்டம் உறுத்தினால் டேம்பரை கம்ஃபர்ட் நிலைக்கு மாற்றுங்கள், ஊருக்குள் வேகத்தைக் குறையுங்கள். அடுத்த டயர் மாற்றும்போது, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், ஓரங்குலம் சிறிய ரிம்முக்கும் உயரமான பக்கச்சுவருக்கும் போங்கள்.