8 + 7 = 15 ஆகுமா?

இந்த முறை ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம்.

லண்டனில் ஒருத்தர் வேலை பார்க்கிறார்னு வெச்சுக்குவோம். முதுகுத்தண்டில் அழற்சி வந்து, 8 மாசம் படியேறவே சிரமப்பட்டார். அது குணமாச்சு. ஆனா அதன் விளைவாகவே தசைவலி நோய் வந்து, இன்னும் 7 மாசம் அதே சிரமம். கம்பெனி சொல்லுது: "எந்த நோயும் 12 மாசம் நீடிக்கலையே? நீங்க சட்டப்படி மாற்றுத்திறனாளி இல்லை."

இது சரியா?

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் இதை முடிவு செய்வது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். அது மூன்று கேள்விகள் கேட்கிறது:

1. உடலிலோ மனநலத்திலோ குறைபாடு இருக்கிறதா?
2. அதனால் அன்றாடச் செயல்களில் கணிசமான பாதிப்பு உண்டா? (அற்பமானதாக இல்லாமல் இருந்தாலே போதும்.)
3. அந்தப் பாதிப்பு நீண்டகாலமா? அதாவது, 12 மாதம் நீடித்ததா, நீடிக்க வாய்ப்பு உள்ளதா, அல்லது வாழ்நாள் முழுக்கத் தொடருமா?

மூன்றாவது கேள்வியைக் கவனிங்க. 12 மாதம் என்பது பாதிப்புக்கான அளவு. நோயின் பெயர் நடுவில் மாறினால் என்ன ஆகும்?

2010-இல் ஓர் ஆசிரியையின் வழக்கில் இதே கேள்வி வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. முதல் நோயிலிருந்தே இரண்டாவது நோய் வளர்ந்திருந்தால், இரண்டின் பாதிப்புக் காலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. ஆக, நம்ம கணக்கில் 8 + 7 = 15. கம்பெனி சொன்னது தப்பு!

ஆனா அந்தக் கூட்டல் குறி சும்மா வராது. முதுகு குணமான பிறகு பைக்கில் விழுந்து கால் உடைந்திருந்தால்? இரண்டுக்கும் தொடர்பில்லை, கூட்ட முடியாது. தொடர்பு இருக்கா இல்லையா என்பதை மருத்துவச் சான்றுதான் காட்டணும்.

ஒரே சமயத்தில் இரண்டு குறைபாடு இருந்தால் கதை வேறு. கை கால் ஒருங்கிணைப்பில் லேசான சிக்கல், கூடவே ஆறாத சின்னக் கால் காயம். தனித்தனியா பார்த்தால் இரண்டும் பெரிசில்லை. சேர்ந்தால் நடமாட்டமே கஷ்டம். அந்தக் கூட்டு விளைவையும் கணக்கில் எடுக்கணும்னு அரசு வழிகாட்டுதல் சொல்கிறது.

இன்னொரு நுணுக்கம். அவரை 9-ஆவது மாதத்திலேயே வேலையை விட்டு எடுத்திருந்தால்? அந்தத் தேதியில் தெரிந்த நிலவரத்தை வெச்சுத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். பின்னால் நடந்தது உதவாது. ஆனா "வாய்ப்பு" என்பதற்கு 50 சதவீதத்துக்கு மேல் நிச்சயம் தேவையில்லை. நடக்கக்கூடியதுதான் என்ற அளவு போதும். 2009-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தந்த விளக்கம் இது.

ஏன் இவ்வளவு கணக்கு? மாற்றுத்திறனாளி என்று சட்டம் ஏற்றால்தான், வேலைநேரம், இருக்கை, வேலைமுறை போன்றவற்றில் நியாயமான மாற்றம் செய்யும் கடமை முதலாளிக்கு வரும். கூட்டல் தப்பானால், அந்தப் பாதுகாப்பே கிடைக்காது.

நம்மில் சிலர் நாளைக்கு அங்கே படிக்கவோ வேலைக்கோ போகலாம். அப்படி ஒரு நிலை வந்தால் டாக்டரிடம் மறக்காமல் கேளுங்க: "இது பழைய பிரச்சினையிலிருந்து வந்ததா?" பதிலை எழுத்தில் வாங்கி வெச்சுக்கோங்க. கூட்டல் குறி அந்தத் தாளில்தான் இருக்கு.