ஸ்டெப்பைப் பாதியாக்கினா போதுமா?

போன எபிசோடில் அரை ஆர்டர் டெரிவேட்டிவ் பற்றிப் பேசினோம். என் கோடு அதில் எங்கே கவிழ்ந்தது என்பதை ஆடியோவில் சொன்னால் புரியாது, எழுத்தில்தான் வரும். பேனா எடுத்துக்கோங்க.

அபுதாபியில் ஒரு கான்ட்ராக்ட். பைப் இணைப்பில் இருக்கும் ரப்பர் சீல், திடீரென்று அழுத்தம் ஏறினால் எவ்வளவு நசுங்கும் என்று சொல்லும் பைதான் ஸ்கிரிப்ட். ரப்பர் ஸ்பிரிங்கும் இல்லை, தேனும் இல்லை, நடுவாந்தரம். அதனால் சமன்பாட்டில் காபூட்டோ டெரிவேட்டிவ், ஆல்பா 0.5. மிக்கேலே காபூட்டோ என்ற இத்தாலிய புவி இயற்பியலாளர் 1967-இல் கொடுத்தது. நசுங்க நசுங்க ரப்பர் இறுகும் என்பதற்காக ஒரு கன அடுக்கு உறுப்பு வேறு. ஆகவே ஒவ்வொரு ஸ்டெப்பிலும் நியூட்டன் முறை.

எல்-ஒன் ஸ்கீமுக்குப் புத்தகம் சொல்லும் ஆர்டர் 2 கழித்தல் ஆல்பா, அதாவது 1.5. ஸ்டெப்பைப் பாதியாக்கினால் எரர் 2.8 மடங்கு குறையணும். எனக்குக் குறைந்தது 1.4 மடங்கு. இரண்டு நாள் நியூட்டனைச் சந்தேகப்பட்டேன். பாவம், அது நிரபராதி.

கன உறுப்பு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் தூக்கிட்டு, அரை டெரிவேட்டிவ் ஒரு மாறிலி என்று மட்டும் வைங்க. மாறிலி காமா(1.5) என்றால் சரியான விடை நேரத்தின் வர்க்கமூலம். எல்-ஒன்னின் முதல் ஸ்டெப்பைக் கையால் போட்டால், காமா(1.5)-இன் வர்க்கம் பெருக்கல் ஸ்டெப்பின் வர்க்கமூலம். அந்த வர்க்கம் பை/4, அதாவது 0.785. ஸ்டெப் எவ்வளவு சின்னதானாலும் முதல் புள்ளியில் 21.5 சதவீதம் குறைச்சல்! வர்க்கமூலத்தின் சாய்வு பூஜ்யத்தில் முடிவிலி. நாம் அங்கே நேர்கோடு போடுகிறோம், எப்படி ஒட்டும்?

ஒரு இலக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் 100 மடங்கு ஸ்டெப். ஒவ்வொரு ஸ்டெப்பும் பழைய வரலாறு முழுவதையும் கூட்டுவதால் வேலை 10,000 மடங்கு. லேப்டாப் அழுதுடும்.

கடைசி நேர மதிப்புகள் நன்றாகவே வந்தன, அதான் யாரும் கவனிக்கலை. கிளையன்ட் கேட்டதோ முதல் சில நொடிகள். தப்பான எண்களை அனுப்பிவிட்டிருந்தேன். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம் வேறு. போன் பண்ணிச் சொன்னேன், இரண்டு நாள் டைம் கொடுத்தாங்க.

மருந்து, சீரற்ற கிரிட். சம இடைவெளி வேண்டாம். மொத்த நேரம் 1 என்றால், 100 புள்ளிகளில் ஜே-ஆவது புள்ளியை ஜே/100-இன் மூன்றாம் அடுக்கில் வைங்க. முதல் ஸ்டெப் 0.01-க்குப் பதில் 0.000001. அங்கே எரர் 0.0215-இலிருந்து 0.000215. கடைசி ஸ்டெப் 0.03 ஆகிப் பெருக்கும், ஆனால் அங்கே வளைவு சாதுவானது. இந்த 3 எங்கிருந்து வந்தது? 2 கழித்தல் ஆல்பாவை ஆல்பாவால் வகுங்க. காலப் பின்ன டிஃப்யூஷனுக்கு ஸ்டைன்ஸ், ஓ'ரியார்டன், கிராசியா மூவரும் 2017-இல் நிரூபித்தது. நம்ம பக்கத்திலேயே, தஹ்ரானின் கிங் ஃபஹத் பெட்ரோலியம் பல்கலைக்கழகத்தில் காசிம் முஸ்தஃபாவும் இப்படிப்பட்ட கிரிட்களில் நிறைய வேலை செய்திருக்கிறார்.

ஆல்பா 0.2-க்கு மட்டும் ஜாக்கிரதை. அடுக்கு 9 ஆகிவிடும், முதல் புள்ளி 10-இன் மைனஸ் 18 அடுக்கு. 1-இலிருந்து அதைக் கழித்தால் டபுள் துல்லியத்தில் மறுபடி 1-தான். அந்த ஸ்டெப்பின் எடை சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். நேரடியாகக் கழிக்காமல், நம்பையின் எக்ஸ்பிஎம்1, லாக்1பி இரண்டையும் வைத்து வித்தியாசத்தைக் கணக்கிடுங்க.