வாடகைக்கு விட வீடு எங்கே வாங்குவது?

கேள்வி: ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில், வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு வீடு வாங்க உத்தேசம். ஜனங்கள் பெருகிவரும் ஒயிட்ஃபீல்டு பக்கம் போவதா, பிரேசர் டவுனிலேயே வாங்குவதா?
— ஒரு வாசகர், பிரேசர் டவுன், பெங்களூர்

பதில்: 1898-இல் பிளேக் நோய் பரவி, நெருக்கடி மிகுந்த தெருக்களை விட்டு ஜனங்கள் விசாலமான இடம் தேடியதன் பயனாகவே, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் தாங்கிய தங்கள் பேட்டை உருவாயிற்று. அதே போக்கு இக்காலத்திலும் தொடர்கிறது: 2001-இல் சுமார் 65 லட்சமாக இருந்த பெங்களூர் ஜில்லாவின் ஜனத்தொகை 2011-இல் 96 லட்சமாயிற்று என்பதும், அவ்விருத்தியில் பெரும்பகுதி ஒயிட்ஃபீல்டு அடங்கிய மகாதேவபுரம் போன்ற புறப்பகுதிகளில் நிகழ்ந்தது என்பதும் மெய்யே. ஆயினும், ஜனங்கள் பெருகும் இடத்தில் காலி நிலமும் மிகுந்திருக்குமானால், அவர்களோடு போட்டியிட்டுக்கொண்டு அடுக்குமாடிகளும் எழும்பி வாடகையை அடக்கிவிடும் என்பதை மறக்கலாகாது. பிரேசர் டவுனிலோ நிலம் அரிது. மசூதிச் சாலையையும் கோல்ஸ் பூங்காவையும் அண்டி வாழும் குடும்பங்கள் எளிதில் இடம் பெயர்வதில்லை. ஆனால் விலை அதிகமாதலால், போட்ட முதலுக்கு வரும்படி சொற்பமே. மாதாந்தர வருமானத்தையே நம்பியிருப்பவர் என்றால், புறநகரில் மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு படுக்கையறை வீடு பார்ப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். முன்பணம் கொடுக்குமுன், ‘டு-லெட்’ பலகை எத்தனை மாதமாகத் தொங்குகிறது, கோடையில் தண்ணீர் லாரி எத்தனை முறை வந்தது என்று காவலாளியை அவசியம் விசாரியுங்கள்.