கணித வகுப்பு: கணக்கு எந்தப் படியில் பிழைக்கிறது?



"எக்சு, வையெல்லாம் எங்களுக்கு எங்க தெரியும்? புள்ளைக்கு நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்று தோட்டத்துத் தாய்மார் எங்களிடம் கேட்பதுண்டு. இந்த மாதம் எத்தனை பேர், எத்தனை கிலோ, முற்பணம் போக மிச்சம் எவ்வளவு என்று சம்பளச்சீட்டு வருமுன்பே மனதில் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்களும் அவர்களேதான். தெரியாத தொகைக்கு ஓர் எழுத்தை வைத்துவிட்டு அதே வேலையைச் செய்வதைத்தான் பள்ளிக்கூடத்தில் அட்சரகணிதம் என்கிறார்கள்.

க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தரத்துக்கும் பல உத்தியோகங்களுக்கும் போகிற வழி தடைப்பட்டுப் போகும். ஆகவே பிள்ளைகள் வழக்கமாக எந்த இடத்தில் பிழை விடுகிறார்கள் என்பதை இம்முறை பார்ப்போம். நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கரை, ஆரையம்பதிப் பக்கத்து ஆட்கள். உங்கள் மலைக் கணக்கோடு எங்கள் கரைக் கணக்கும் கலந்து வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடைப்புக்குறிக் கணக்கு. புத்தகத்தில் எக்ஸ் என்று இருப்பதை இங்கே 'க' என்று எழுதுகிறோம்.

5(க − 2) − 2(க − 4) = 13

கூடுதலான பிள்ளைகள் அடுத்த வரியை 5க − 10 − 2க − 8 = 13 என்று எழுதுவார்கள். பிறகு 3க = 31 என்று வரும். 31 மூன்றால் பிரிபடாது. பிள்ளை பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கும், அல்லது பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும். பிழை எங்கே? இரண்டாம் அடைப்புக்கு வெளியே நிற்பது வெறும் 2 அல்ல, சய 2. அது உள்ளே இருக்கிற இரண்டு உறுப்பையும் பெருக்க வேண்டும். சய 2 ஐ சய 4 ஆல் பெருக்கினால் சக 8.

5க − 10 − 2க + 8 = 13
3க − 2 = 13
3க = 15
க = 5

இத்தோடு கொப்பியை மூடக் கூடாது. க இருந்த இடத்தில் 5 ஐப் போட்டுப் பாருங்கள். 5 × 3 = 15; 2 × 1 = 2; 15 − 2 = 13. சரி. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவும் "திருப்பிப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி ரியூசன் வகுப்புக்குச் சமம் என்பது எங்கள் எண்ணம்.

வரி வரியாக எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பரீட்சையில் படிகளுக்கும் புள்ளி கிடைக்கும். கடைசி விடை பிழைத்தாலும் சரியான படிக்குரிய புள்ளி சேரும். விடையை மட்டும் எழுதி, அதுவும் பிழையென்றால் கிடைப்பது சைபர்.

இனி நம் வீட்டுக் கணக்கு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கணக்குக்கு அதையே எடுப்போம். உங்கள் சீட்டில் வேறு தொகை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலதிகக் கொழுந்துக்குக் கிலோவுக்கு 50 ரூபா என்று வைப்போம். ஒருவர் 20 பேர் வேலை செய்து, கழிவுகளுக்கு முன் 29,750 ரூபா பெறுகிறார். மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ?

20 × 1,350 + 50க = 29,750
27,000 + 50க = 29,750
50க = 2,750
க = 55

விடை 55 கிலோ. உங்கள் குறிப்பில் 60 கிலோ இருந்தால் 250 ரூபா எங்கே போனது என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்கலாம்.

இதே சீட்டில் சதவீதமும் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம். 27,000 இல் 8 சதவீதம் 2,160 ரூபா. 12 சதவீதம் 3,240 ரூபா. மொத்தம் 5,400 ரூபா உங்கள் கணக்கில் சேர வேண்டும். பிள்ளைகள் இங்கே 20 சதவீதத்தையும் சம்பளத்திலிருந்து கழித்துவிடுவார்கள். கழிபடுவது 2,160 மட்டுமே. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 சதவீதத்தை, அதாவது 810 ரூபாவை, முழுதும் தோட்டமே கட்ட வேண்டும். அது சம்பளத்தில் கை வைக்கிற காசு அல்ல. பிள்ளையைச் சீட்டோடு உட்கார வைத்து இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது பின்னம். எங்கள் கரையோரத்தில் கைத்தறி உண்டு. மருதமுனைச் சாரம் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு நெசவாளி ஒரு வேலையை 6 நாளிலும், இன்னொருவர் அதையே 12 நாளிலும் முடிப்பார். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? 18 என்பார்கள் சிலர், 9 என்பார்கள் சிலர். ஒருவரே 6 நாளில் முடிக்கிற வேலைக்குத் துணையும் வந்தபின் 9 நாள் ஆகுமா? நாட்களைக் கூட்டாமல், ஒரு நாளில் முடிகிற வேலையைக் கூட்டுங்கள்.

1/6 + 1/12 = 2/12 + 1/12 = 3/12 = 1/4

ஒரு நாளில் காற்பங்கு முடிகிறது. ஆகவே 4 நாள்.

கடைசியாக, பிள்ளைகள் தாங்களாகச் செய்ய ஒன்று. எங்கள் பக்கத்து மண்முனைத் துறையில் முன்பு 'பாதை' என்கிற மிதவையில்தான் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவோம். 2014 இல் அங்கே 210 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. 10 மீற்றர் நீளமான பஸ் ஒன்று மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. முன்பக்கம் பாலத்தைத் தொட்டதிலிருந்து பின்பக்கம் பாலத்தை விட்டு நீங்கும்வரை எத்தனை செக்கன்? 21 என்று வந்தால் பஸ்ஸின் நீளத்தை மறந்துவிட்டீர்கள்.