செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

வெள்ளிமலைப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் தன் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். ஆனாலும் காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் முக்கி முக்கித்தான் சுற்றுகிறது. பேட்டரி வாங்கிய இடத்தில் இரண்டு முறையும் "செல் டெட் சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட், முழு சார்ஜ். அடுத்து மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு அவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மீட்டர் 1.4 காட்டியது. அந்த இடத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் துருவும் பச்சைக் களிம்பும் அப்பிக் கிடந்தன. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புதுப் பட்டை மாட்டி இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். அதே பேட்டரி இன்றும் அவர் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் தொட்டியையா மாற்றுகிறோம்? மோட்டார் ஏற்றுகிறதா, குழாய் அடைத்திருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்றுதானே பார்ப்போம். காரில் பேட்டரிதான் தொட்டி. நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர்தான் மோட்டார். ஒயர்களும் எர்த்தும் குழாய். இதைப் பார்க்க சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். கார் வைத்திருக்கும் எல்லோரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 என்றால் முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. பிறகு செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். நல்ல பேட்டரி பத்து வோல்ட்டை ஒட்டி நிற்கும். முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. அப்போது தாராளமாக மாற்றுங்கள்.

சத்தத்தையும் கவனியுங்கள். 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' சத்தம் வந்து, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால் செல்ஃப் மோட்டாரையும் அதன் சாலினாய்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது சார்ஜிங். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டதும் 13-க்குக் கீழே போகிறதென்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஒரு தடவை குறைவாகக் காட்டியதை வைத்து முடிவுகட்டாதீர்கள். எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய பழக்கத்தை மட்டும் யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் பாயும் வோல்டேஜ் இன்றைய வண்டிகளின் இ.சி.எம். என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரை எரித்துவிடும். அதன் விலை பல பேட்டரிகளின் விலை.

மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறதா? அது ஒழுகல். பூட்டிய காரில் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. கடையில் மாட்டிய பாட்டு செட்டோ, ஜிபிஎஸ் கருவியோ 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும். சிறிய கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி பேட்டரி. வெள்ளிக்கிழமை மாலை நிறுத்தினால் திங்கள் காலை பாதிக்கு மேல் காலி. மைனஸ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் பாயின்டில் மாட்டி, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் அளவு இறங்காவிட்டால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் ஒழுகல். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும்.

அறுவடைக் காலத்தில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு இரவெல்லாம் பாட்டும் கூடுதல் விளக்கும் ஓடினால், முறை வரும்போது செல்ஃப் எடுக்காது. அதைவிட எனக்குப் பயம், அந்த விளக்குகளைப் பியூஸ் போடாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருப்பது. ஒயர் உரசித் தீப்பிடித்தால் பக்கத்தில் இருப்பது காய்ந்த கரும்புச் சோகை. விளக்கு மாட்டுபவரிடம் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் பேட்டரிக்குக் குளிரைவிட வெயில்தான் எதிரி. மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் கோடையில் மாதம் ஒருமுறை மட்டம் பாருங்கள். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குடிநீர் கேன் தண்ணீர் உதவாது. டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடிக்குச் சோடா உப்பு கலந்த வெந்நீர் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கரியாலூர் பக்கம் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்கிற வழக்கம் பழைய டீசல் ஜீப்புக் காலத்திலிருந்து வருகிறது. அந்த எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியே தேவையில்லை. இன்றைய டீசல் வண்டியில் இன்ஜெக்டருக்கே கரண்ட் வேண்டும். பேட்டரி முழுசாகச் செத்திருந்தால் உருட்டினாலும் பிடிக்காது. எஞ்சின் ஓடாத வண்டியில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கோமுகி அணை நோக்கி இறங்கும் அந்த வளைவுகளில் அப்படி உருட்டாதீர்கள். ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி டிக்கியில் வைத்திருங்கள். சிவப்பை இரண்டு பிளஸ்ஸிலும், கறுப்பின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை நின்றுபோன வண்டியின் எஞ்சின் இரும்பிலும் மாட்டுங்கள். நின்றுபோன பேட்டரியின் மைனஸில் மாட்ட வேண்டாம், அங்கே பொறி பறந்தால் பேட்டரி வாயு வெடிக்கும்.