திறவுகோலும் அமானிதமே



கடையடைத்தபின் கல்லாச் சாவியைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டு வீடு திரும்புவோர் நம்மில் எவருமில்லை. ஆயினும் இணையத்தில் கடை திறந்திருக்கும் நம்மவர் சிலர், தம்மையறியாமலே அதைத்தான் செய்கின்றனர்.

செம்பவாங்கில் நம் அன்பர் ஒருவர் துணிக்கடைக்கு இணையதளம் அமைத்தார். எழுதிக்கொடுத்த நிபுணர் ஊர் திரும்பிவிட்டார். பின்னர் திருத்தம் செய்ய முனைந்தபோது பூட்டிய பெட்டி இருந்தது, சாவி இல்லை. அது எத்தகைய பெட்டி?

'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்பது இணையதளம் கட்ட உதவும் சாதனம். 2018-இல் வெளிவந்த 5.2-ஆம் பதிப்பிலிருந்து அதில் 'கிரெடென்ஷியல்ஸ்' என்னும் ஏற்பாடு உண்டு. பணம் வசூலிக்கும் நிறுவனம் தந்த ரகசியக் குறி போன்றவை ஒரு கோப்பில் மறையெழுத்தாகப் பூட்டப்படும். அதன் சாவியான 'மாஸ்டர் கீ', 32 எழுத்தும் எண்ணும் கொண்ட தனிக்கோப்பு.

கட்டளைத் திரையில் 'பின்/ரெயில்ஸ் கிரெடென்ஷியல்ஸ்:எடிட்' என்று தட்டினால் பெட்டி திறக்கும். திருத்திச் சேமித்து மூடினால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். 'எடிட்' என்பதற்குப் பதில் 'ஷோ' என்றிட்டால் பார்க்க மட்டுமே இயலும். பூட்டிய கோப்பை நிரலோடு 'கிட்' களஞ்சியத்தில் வைக்கலாம், சாவியை வைக்கலாகாது. இணையதளம் ஓடும் கணினிக்குச் சாவியைத் தனியே கொடுக்கவேண்டும்.

கவனிக்க வேண்டியவை மூன்று:

1. சாவி தொலைந்தால் எவராலும் பெட்டியைத் திறக்க முடியாது. நம்பிக்கையான இருவரிடம், தனித்தனி இடத்தில், பிரதி இருக்கட்டும். அவர்களுள் ஒருவர் கடை முதலாளியாக இருக்கட்டும்.

2. சாவியை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பாதீர்கள்.

3. சாவி வெளியே கசிந்தால் அதை மாற்றுவது மட்டும் போதாது. களஞ்சியத்திலுள்ள பழைய பிரதியைப் பழைய சாவி இன்னும் திறக்கும். ஆகவே உள்ளிருக்கும் குறிகள் அனைத்தையும் உரிய நிறுவனங்களிடம் மாற்றி வாங்கவேண்டும்.

நம் அன்பரும் அவ்வாறே ஒவ்வொரு நிறுவனத்திடமும் புதுக்குறி பெற்று, புதுப்பெட்டி செய்த பின்னரே நிம்மதியடைந்தார்.

வாடிக்கையாளரின் விவரங்களைத் தக்க பாதுகாப்போடு வைக்கவேண்டுமென்பது சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் கடமை. நமக்கோ அதற்கும் முந்திய கடமை ஒன்றுண்டு. 622-இல் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மைத் துன்புறுத்திய ஊராரின் அமானிதங்களையும் உரியவரிடம் சேர்ப்பிக்க, அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்திச் சென்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பகைவர் பொருளுக்கே அத்துணைப் பேணுதல் என்றால், நம்மை நம்பி வரும் வாடிக்கையாளரின் பொருளுக்கு எவ்வளவு வேண்டும்!

இன்றே உங்கள் நிபுணரிடம் கேளுங்கள்: "தம்பி, நம் சாவி எங்கே?"